தாடைக் குறையைக் கிளிப்பிலேயே சரிசெய்வதாகச் சொல்லிப் பல்லைப் பிடுங்குகிறார்கள்: ஒரு தாயின் எச்சரிக்கை

பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இதை எழுதுகிறேன். 2019-இல், என் மகனுக்கு 15 வயதாக இருந்தபோது, ஈரோட்டில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் அவனுடைய கீழ்வரிசையிலிருந்து சொத்தை எதுவும் இல்லாத இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். அந்தத் தவறைச் சரிசெய்து முடிக்க எங்களுக்கு 2025 வரை ஆயிற்று.

அவனுக்குக் கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்தது. வாயை மூடினால் கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே வந்து நின்றன. கொய்யாக்காயைக் கூடக் கடிக்க முடியாமல் கத்தியால் நறுக்கித்தான் தின்பான். என் தகப்பனாருக்கும், அதாவது அவனுடைய அப்புச்சிக்கும், இதே தாடைதான். இந்த வகைக் குறை பல குடும்பங்களில் வழிவழியாக வருவது என்பதும், ஆண்பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை 18 வயதைக் கடந்தும் வளரக்கூடும் என்பதும் பல் சீரமைப்பில் மேற்படிப்புப் படித்த எவருக்கும் தெரிந்த செய்திகள். ஆனால், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று அந்த மருத்துவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. "ஆபரேசன் எல்லாம் எதுக்குங்க? முகத்துல தழும்பு விழுந்துரும், வாய் கோணிப் போயிரும். ரெண்டே வருசத்துல கிளிப்புலயே உள்ள தள்ளிக் குடுத்தர்றமுங்க" என்றார். அறுவை சிகிச்சை என்ற சொல்லுக்கே நடுங்கிப்போயிருந்த நாங்கள் 55,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினோம்.

இரண்டரை ஆண்டுகள் கிளிப் போட்டிருந்தான். மாதாமாதம் கம்பியை முறுக்குவதற்கு வேறு வேறு மருத்துவர்கள் வந்தார்கள். 2022 தொடக்கத்தில் கிளிப்பைக் கழற்றியபோது பற்கள் ஏறக்குறைய ஒட்டி நின்றன என்பது உண்மைதான்; அன்று எனக்கும் மனம் குளிர்ந்தது. ஓராண்டுக்குள் கீழ்வரிசை மீண்டும் வெளியே வந்துவிட்டது. பல் நகர்ந்திருந்தால் இன்னொரு கிளிப்பில் சரியாகியிருக்கும். அவனுக்கு வளர்ந்துகொண்டிருந்ததோ எலும்பு. திரும்பப் போய்க் கேட்டபோது, ராத்திரியில் மாட்டச் சொன்ன பிளேட்டைப் பையன் ஒழுங்காக மாட்டவில்லை என்று பழியை அவன் மேலேயே போட்டார்கள். அவன் ஒரு இரவுகூடத் தவறவிட்டதில்லை.

2023 மே மாதம் கோயம்புத்தூரில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவரும் முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்து அவர்கள் சொன்ன விளக்கத்தைத்தான் பெற்றோர்கள் முதன்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். தாடை நீண்டிருக்கும்போது உடம்பு தானாகவே கீழ்ப்பற்களை உட்பக்கமாகவும் மேல்பற்களை வெளிப்பக்கமாகவும் சாய்த்து, குறையை ஓரளவு மறைத்துக்கொள்கிறது. கிளிப்பை மட்டும் வைத்துச் செய்யும் சிகிச்சை அந்தச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. கீழே பல்லைப் பிடுங்குவது அதற்கு இடம் உண்டாக்கத்தான். அறுவை சிகிச்சைக்கான தயாரிப்பு இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது: சாய்ந்த பற்களை எலும்பின் மேல் நிமிர்த்தி நிறுத்த வேண்டும், அதனால் கடி இன்னும் மோசமாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகனுக்குப் பிடுங்கி மூடிய இடைவெளிகளை மறுபடியும் திறக்க வேண்டியதாயிற்று. குறை சிறியதாக இருந்து, வளர்ச்சியும் முடிந்திருந்தால் கிளிப் மட்டுமே போதுமான பிள்ளைகளும் உண்டு என்பதை அந்த மருத்துவர்கள் நேர்மையாகவே சொன்னார்கள். எது எந்த வகை என்று அளந்து பார்க்காமல், வளரும் வயதில் பல்லைப் பிடுங்கியதுதான் குற்றம்.

வளர்ச்சி நின்றுவிட்டதா என்று உறுதிசெய்ய ஆறு மாதம் கழித்து அதே எக்ஸ்ரேயை மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தயாரிப்பைத் தொடங்கினார்கள். அது 19 மாதங்கள் நடந்தது. கீழ் ஞானப்பற்களை அறுவைக்கு ஆறு மாதத்திற்கு முன்பே எடுத்தார்கள், ஏனென்றால் எலும்பை வெட்டும் இடத்தில்தான் அவை இருக்கின்றன.

இடையில் உறவினர் ஒருவர் சொன்னாரென்று திருப்பூரில் இன்னோர் இடத்திற்கும் போனோம். முகவாய் எலும்பை மட்டும் வெட்டிப் பின்னுக்குத் தள்ளி, ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். முகவாய் அறுவை என்பது உண்மையான சிகிச்சைதான், ஆனால் அதனால் கடி ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. இதையும் தாடை அறுவை என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

அவனுக்குச் செய்தது இரு தாடை அறுவை. மேல்தாடையைப் பல் வேர்களுக்கு மேலே கிடைமட்டமாக வெட்டி முன்னே நகர்த்துவது ஒன்று. மேல்தாடை எந்தக் கோடுகளில் முறிகிறது என்று 1901-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர்ட்டின் பெயரால் அதை வழங்குகிறார்கள். மற்றொன்று, கீழ்த்தாடையின் பின்பகுதியை இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பாளமாகப் பிரித்துப் பின்னுக்குச் சரியவிடுவது; இம்முறையை 1957-இல் ஓப்வெகேசர் வெளியிட்டார். கீழ்த்தாடையை மட்டும் அதிகம் பின்னுக்குத் தள்ளினால் தொண்டையின் மூச்சுவழி குறுகும் என்பதால் மேலே 5 மில்லிமீட்டர் முன்னும் கீழே 4 மில்லிமீட்டர் பின்னும் நகர்த்தி, டைட்டானியம் தகடுகளையும் திருகுகளையும் வைத்துப் பொருத்தினார்கள். வெட்டுகள் எல்லாம் வாய்க்குள்தான். அந்த முதல் மருத்துவர் பயமுறுத்திய தழும்பு எங்கும் இல்லை. கீழ்த்தாடைக்குள் ஓடும் உணர்ச்சி நரம்பு அதிர்வதால் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும்விடும் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அவனுக்கு இடப்பக்க முகவாயில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது. சொல்லிவிட்டுச் செய்ததால் எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

முதல் இரண்டு வாரம் வடிகட்டிய ராகிக் கூழும் பருப்புத் தண்ணீரும் ஊசியில்லாத சிரிஞ்சில்தான். ஆறு வாரம் மெல்லும் உணவு எதுவும் கூடாது. அதன்பின் முதலில் தேங்காய்ப்பாலில் ஊறிய சந்தகையைக் கொடுத்தேன். முன்பற்களாலேயே அறுத்துச் சாப்பிட்டதைப் பார்த்து அடுப்படிக்குள் போய் அழுதேன். பிடுங்கிய பற்களின் இடத்தில் செயற்கைப் பல் பொருத்த வேண்டிய செலவு இன்னும் பாக்கி இருக்கிறது.

முதல் மருத்துவமனையிடம் பழைய எக்ஸ்ரேயையும் பல் அச்சுகளையும் கேட்டபோது, தொலைந்துவிட்டன என்றார்கள். பணம் கட்டிச் செய்துகொண்ட சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். எங்களுக்கு விவரம் தெரிந்தது 2023 மே என்பதால், 2025 மார்ச்சில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டோம். 55,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்ததெல்லாம் தேதி மட்டும் எழுதிய ஒரு சிறு அட்டைதான். பல்லைப் பிடுங்கச் சொன்ன சீட்டு எங்களிடம் இல்லை, எக்ஸ்ரேயின் நகலும் இல்லை. உங்கள் பிள்ளையை இப்போது அப்படியொரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றால், பல்லில் கை வைப்பதற்கு முன்பே பக்கவாட்டு எக்ஸ்ரே, அதன் அளவுகள், சிகிச்சைத் திட்டம் எழுதிய தாள், முறையான ரசீது ஆகியவற்றின் நகல்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.