வங்கி கேரண்டியா, ஷூரிட்டி பாண்டா?

டெண்டர் கிடைத்ததும், வேலையைச் சொன்னபடி முடிக்காவிட்டால் பணம் வரும் என்று வேலை கொடுத்தவருக்கு ஒரு ஜாமீன் தர வேண்டும். அதை வங்கி தந்தால் கேரண்டி, காப்பீட்டு நிறுவனம் தந்தால் ஷூரிட்டி பாண்ட். காண்ட்ராக்டர்கள் முழிக்கும் இடம் இது.

செலவு: கேரண்டிக்குக் கமிஷன் போக, வங்கி ஈடாகக் கேட்கும் மார்ஜின் பணம் எஃப்.டி.யில் முடங்கும். பாண்டுக்குப் பிரீமியம், முடக்கம் பொதுவாகக் குறைவு.

வாங்குவது: வங்கிக்குப் பழகிய வேலை. பாண்டுக்குக் காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிகளே 2022-இல்தான் வந்தன. காப்பீட்டு நிறுவனத்தார் உங்கள் பேலன்ஸ் ஷீட்டைத் துருவுவார்கள்.

தகராறு: இரண்டிலும் வேலை கொடுத்தவருக்குப் பணம் கட்டிய வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ கடைசியில் உங்களிடம்தான் வரும். காப்பீடுதானே, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள், அவர்கள் கட்டியதை ஈடுகட்டுவேன் என்கிற இண்டெம்னிட்டி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். ஜாமீன்தாரர் (இங்கே வங்கி அல்லது காப்பீட்டு நிறுவனம்) முறைப்படி கட்டியதைத்தான் திரும்பக் கேட்கலாம், தவறாகக் கட்டியதை அல்ல என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு. பத்திரத்தில் 'நாங்கள் கட்டியதே இறுதி' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் சண்டையே அதில்தான்.

ரொக்கம் இறுக்கமா, பாண்ட். சின்ன வேலை, வங்கி லிமிட்டும் மிச்சம் இருக்கிறதா, சரி, கேரண்டியே போதும்.