ஆங்குலர் டெவ்டூல்ஸ்: கொன்சோல் சிவக்காத பிழைக்கு ஏற்ற கருவி

ஆங்குலர் என்ற வலைச்செயலிக் கட்டமைப்பில் எழுதிய செயலிகளை ஆராய, குரோம், பயர்பொக்ஸ் இரண்டுக்கும் இலவசமாகக் கிடைக்கும் உலாவி நீட்சி இது. சேவைகளைத் தேடித் தரும் இன்ஜெக்டர்களின் மரத்தைக் காட்டும் பகுதிக்குச் செயலி ஆங்குலர் 17 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு வேண்டிய சேவையை ஆங்குலரே கொண்டுவந்து தரும் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் சிக்கலுக்காக இதை நிறுவலாமா என்றால், தாராளமாக நிறுவலாம். ஆனால் 'நோ புரொவைடர்', அதாவது கேட்ட சேவை எங்கும் பதிவாகவில்லை, என்று பிழை வந்தவுடனே இதைத் திறக்க வேண்டியதில்லை.

அந்தப் பிழைக்கு, அதாவது என்ஜி0201க்கு, விடை செய்தியிலேயே இருக்கிறது. அம்புக்குறிச் சங்கிலியில் கடைசியாக நிற்பதுதான் கிடைக்காத சேவை. அதே பெயர் இரண்டு மூன்று தடவை வந்தால் குழம்ப வேண்டாம். ஒவ்வோர் இன்ஜெக்டரும் தேடிவிட்டு மேலே அனுப்பிய தடம் அது. அதற்கு முன்னால் உள்ள வேறு பெயர்தான் அதைக் கேட்டது. கடைசிப் பெயர், சேர்வரோடு பேசும் எச்டிடிபி கிளையன்ட் என்றால், 15 முதல் 20 வரையான பதிப்புகளில் பெரும்பாலும் செயலி அமைப்பில் 'புரொவைட் எச்டிடிபி கிளையன்ட்' விடுபட்டிருக்கும்.

இந்தக் கருவியின் அருமை தெரிவது பிழைச் செய்தியே வராத இடத்தில். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து நிறுவைக்கு ஒரு செயலி என்று வைத்துக்கொள்வோம். கொழுந்துச் சேவை 'ரூட்'டில், அதாவது செயலி முழுவதற்கும் பொதுவாக, பதிவாகியிருக்கிறது. யாரோ ஒருவர் அதையே நிறுவைப் பதிவுக் கொம்பொனன்டின் (திரையின் ஒரு பகுதி) புரொவைடர்ஸ் பட்டியலிலும் எழுதிவிட்டார். கணக்கப்பிள்ளை 18 கிலோ பதிகிறார். மொத்தம் காட்டும் திரையில் 0 நிற்கிறது. பிழைகளைச் சிவப்பில் காட்டும் கொன்சோல் சுத்தமாக இருக்கிறது. ஆட்களின் பேர் (ஒரு நாள் வேலை) போடுகிற கணக்கில் இப்படி நடந்தால் அது சின்ன விஷயமல்ல.

டெவ்டூல்ஸில் கொம்பொனன்ட் பட்டியலுக்குப் போய் நிறுவைப் பதிவைத் தெரிவுசெய்யுங்கள். வலப்பக்கத்தில் அது பெற்றுக்கொண்ட சேவைகள் தெரியும். கொழுந்துச் சேவையை விரித்தால் தேடல் போன பாதை வரும். மொத்தத் திரைக்கும் அப்படியே செய்யுங்கள். ஒன்றின் பாதை அந்தக் கொம்பொனன்டிலேயே முடியும், மற்றது ரூட் வரை ஏறும். ஆக, நினைவகத்தில் இருப்பது இரண்டு தனித்தனிச் சேவைகள். கொம்பொனன்டின் பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டால் கணக்கு சேரும். முகவரிக்கேற்பத் திரையை மாற்றும் ரவுட்டரின் பாதையில் கொடுத்த புரொவைடர்களும் மரத்தில் தனிக் கிளையாகத் தெரிவதால், பக்கத்துப் பாதைக்கு அவை ஏன் எட்டவில்லை என்பதும் விளங்கும். மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இங்கே சில நிமிடங்களில் பிடிபடுகிறது.

என்ஜி0203க்கு இது உதவாது. சேவையைக் கேட்கும் இன்ஜெக்ட் அழைப்பை என்ஜிஒன்இனிட்டிலோ சப்ஸ்கிரைபுக்குள்ளோ அவெய்ட்டுக்குப் பின்னாலோ வைத்தால் வருவது அது. வகுப்பின் புலத்துக்கோ கன்ஸ்ட்ரக்டருக்கோ நகர்த்துங்கள். சரியான இடத்தில் இருந்தும் வருகிறதென்றால், ஆங்குலர் கோர் இரண்டு பிரதிகளாக நிறுவப்பட்டிருக்கிறதா என்று 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையால் பாருங்கள். சேவைகள் ஒன்றையொன்று கேட்டுச் சுற்றும் என்ஜி0200 என்ற வட்டச் சார்புக்கும் செய்தியில் வரும் சங்கிலியே போதும்.

புரொடக்‌ஷன் பில்டில் இது வேலை செய்யாது என்பது பெரிய குறை. வாடிக்கையாளரிடம் மட்டும் தெரியும் பிழையை டெவலப்மென்ட் பில்டில் மீண்டும் வரவைத்தே ஆராய வேண்டும்.

மூடுபனியோடு டேட்டாவும் விட்டுவிட்டு வரும் தோட்டப் பக்கங்களுக்கு ஒரு குறிப்பு: ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சிக்னல் நன்றாக உள்ளபோது ஒருதரம் நிறுவிக்கொண்டால் போதும், கணினியில் ஓடும் செயலியை இணையமின்றியே ஆராயலாம். பிழைக்குரிய விளக்கப் பக்கங்களுக்குத்தான் இணையம் தேவை. 0200, 0201, 0203 மூன்றையும் முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.