கிலோமீட்டர் உண்மை, பெயிண்ட் உண்மை, வண்டி மட்டும் தண்ணில மூழ்கினது

செகண்ட் ஹேண்ட்ல காம்பாக்ட் எஸ்யூவி பாத்துட்டு இருக்கீங்கன்னா அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. கொஞ்சம் நீளமா போகும், கோவத்துல டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேரைக் கேக்காதீங்க, இப்போதைக்கு வெளிய சொல்ல வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

நான் ஒண்ணும் விவரம் தெரியாம போய் விழுந்தவன் இல்ல, அதான் இன்னும் எரியுது. ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா வீடியோ பாத்து, பெயிண்ட் எவ்ளோ தடிமன்னு காட்டுற திக்னஸ் மீட்டர் ஒண்ணு இரவல் வாங்கி, வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டிக் கோளாறு பாக்குற ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு சொந்தமா வாங்கி, என்னென்ன பாக்கணும்னு நோட்டுல எழுதிக்கிட்டுத் தான் போனேன். எழுதின எல்லாத்துலயும் வண்டி பாஸ் ஆச்சு. எழுதாத ஒரு விஷயத்துல மாட்டிக்கிட்டேன்.

எங்களுக்கு எஸ்யூவி ஆசை எல்லாம் கிடையாது. அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு, பழைய சின்ன வண்டில குனிஞ்சு உள்ள போறதும் கையை ஊனி எழுந்து வர்றதும் பாக்கவே கஷ்டமா இருக்கும். எஸ்யூவி சீட் இடுப்பு உயரத்துக்கு இருக்குறதால அப்படியே பக்கவாட்டுல உக்காந்து காலை உள்ள எடுத்து வச்சிடலாம். பொண்ணுக்கு ரெண்டு வயசு, சைல்டு சீட் மாட்டணும், அதைப் போட்டப்புறமும் பின்னாடி இன்னொருத்தர் உக்காரணும், டிக்கில ஸ்ட்ரோலர் போகணும், அவ்ளோ தான் எங்க தேவை. மத்தபடி இந்த வண்டிங்க பேர்ல தான் எஸ்யூவி, பாதி வண்டிக்கு மேல அடியில இருக்குறது சாதாரண காரோட பிளாட்ஃபார்ம், அதாவது அடிக்கட்டு தான், 1994ல டொயோட்டா ராவ்4 வந்த காலத்துல இருந்தே இந்த ஃபார்முலா தான் ஓடுது. இதை ஏன் சொல்றேன்னா, உயரமான வண்டி, தண்ணி என்ன பண்ணிடும்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு.

முதல்ல புதுசு தான் பாத்தோம். பட்ஜெட்டுக்குக் கிடைச்சது பேஸ் வேரியன்ட், ரெண்டு ஏர்பேக். ஆறு ஏர்பேக் வேணும்னா ரெண்டு வேரியன்ட் மேல போகணும், மேல போனா வெயிட்டிங். உடனே வேணும்னா ஒண்ணு ரெடியா நிக்குதுன்னு ஷோரூம்ல காட்டுனாங்க, டோர் கிட்ட இருந்த ஸ்டிக்கரைப் பாத்தா தயாரிச்சு பதினோரு மாசம் ஆன வண்டி, யார்டுல வெயில்ல காஞ்சிட்டு இருந்திருக்கு, அதுக்கும் புது வண்டி ரேட்டு தான். ஒரு ரூவா குறைக்க மாட்டேன்னுட்டாங்க. வெறுத்துப் போய்த் தான் பழசு பக்கம் திரும்பினேன். மனைவி அப்பவே சொன்னா, ரெண்டு ஏர்பேக்னாலும் நம்ம கண்ணு முன்னாடி பிரிச்ச வண்டியா இருக்கட்டும்னு. நான் தான் பெரிய இவன் மாதிரி, பொண்ணு சேஃப்டிக்கு ஆறு இருக்கட்டும்னு பேசினேன். இந்த ஆறை ஞாபகம் வச்சுக்கோங்க.

நாலு வருஷம் ஓடின டாப் வேரியன்ட், ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர். கடைல இருந்த பையன் நல்லா பேசுவான், அண்ணா அண்ணான்னு, எதையும் மறைக்கல, நீங்களே செக் பண்ணிக்கோங்கண்ணான்னு சாவியைக் கைல குடுத்துட்டுப் போயிட்டான். நான் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேனலா வச்சேன். கம்பெனி பெயிண்ட் பொதுவா 100ல இருந்து 150 மைக்ரான் வரைக்கும் இருக்கும், பட்டி பூசி டிங்கரிங் பண்ணியிருந்தா அது எங்கயோ எகிறும். இதுல பானட், நாலு டோர், ரூஃப், டிக்கி எல்லாமே 110, 115, 120 தான். சரி, அடிபட்ட வண்டி இல்ல. ஸ்கேனர் மாட்டினேன், ஃபால்ட் கோடு, அதாவது கோளாறு வந்தா வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற நம்பர், ஒண்ணு கூட இல்ல. பெடல் ரப்பர், ஸ்டியரிங் தேய்மானம், சர்வீஸ் ரெக்கார்டு எல்லாம் 31,000க்குப் பொருந்துச்சு. வண்டியோட அடையாள நம்பர் விஐஎன், அதோட 17 எழுத்தும் பேப்பர்ல, சேசிஸ்ல, கண்ணாடில ஒண்ணாவே இருந்துச்சு. அதுக்கு மேல, பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் புதுசு, ஸ்டார்ட்டர் மோட்டார் புதுசு, கார்பெட் புதுசுன்னு அந்தப் பையன் ஏதோ போனஸ் மாதிரி சொன்னான், நானும் சந்தோஷமா கேட்டுக்கிட்டேன் பாருங்க. நாலு வருஷ வண்டில கார்பெட்டை யாராவது மாத்துவாங்களாடா?

இன்னும் ரெண்டு இடத்துல வண்டியே என்கிட்ட சொல்லுச்சு, நான் தான் கேக்கல.

சர்வீஸ் ரெக்கார்டுல நடுவுல பதிமூணு மாசம் ஒண்ணுமே இல்ல. கேட்டேன். ஓனர் வெளிநாடு போயிட்டாருண்ணா, வண்டி சும்மா நின்னுச்சு, அதான் கிலோமீட்டரும் கம்மின்னான். கேள்வியும் நானே கேட்டு, அவன் சொன்னதுக்குத் தலையும் நானே ஆட்டினேன். அடுத்தது, சைல்டு சீட் மாட்டிப் பாக்கலாம்னு பின் சீட் இடுக்குல, சைல்டு சீட்டைக் கோக்குற ஐசோஃபிக்ஸ் கம்பியைக் கையால தேடினேன், விரல்ல காவி கலர்ல துரு ஒட்டிக்கிச்சு. சீட்டுக்கு உள்ள, மழையே படாத இடத்துல எப்படிடா துரு வரும்னு ஒரு செகண்ட் தோணுச்சு. குழந்தை தண்ணி பாட்டிலைக் கொட்டியிருக்கும்னு நானே பதிலும் சொல்லிக்கிட்டு பேன்ட்ல துடைச்சிட்டேன். அந்த ஒரு செகண்டை நெனச்சா இப்பவும் தூக்கம் வரல.

அவங்க குடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இருநூறு பாயிண்டுன்னு பெரிய எழுத்துல இருந்துச்சு. எல்லாத்துக்கும் பச்சை டிக். வீட்டுக்கு வந்து வாரண்டி பேப்பரையும் சேத்து ஃபைல் போட்டு வச்சேன், படிக்கல.

மொதல் ரெண்டு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. மூணாவது மாசம் மழைக்காலத்துல ஏசி போட்டா ஒரு மக்கின வாடை, ஈரச் சாக்கு மாதிரி. ஃபில்டர் மாத்தினோம், போகல. அப்புறம் இடது பக்கப் பின் பவர் விண்டோ தன்னால நிக்கும், அடுத்த நாள் வேலை செய்யும். பார்க்கிங் சென்சார் ஒண்ணும் இல்லாத இடத்துல கத்தும். ஒரு நாள் அப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகும்போது டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிஞ்சது, எரிஞ்சது அணையவே இல்ல. சாவி போட்டதும் சில செகண்ட் எரிஞ்சு அணைஞ்சா தான் சிஸ்டம் சரியா இருக்குன்னு அர்த்தம், எரிஞ்சுக்கிட்டே இருந்தா அடிபடுறப்ப ஏர்பேக் விரியும்னு நம்ப முடியாது. ஆறு ஏர்பேக், ஆறையும் நம்ப முடியாது.

கடைக்குப் போன் பண்ணா சென்சார் ப்ராப்ளமா இருக்கும்ணா, கோடு அழிச்சா போயிடும்னாங்க. அழிச்சாங்க, நாலு நாள்ல திரும்ப வந்துச்சு. அப்புறம் தான் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர் கிட்ட விட்டேன். அவர் ஸ்கேனரைக் கூட எடுக்கல. டிரைவர் சீட்டைப் பின்னாடி தள்ளி, கீழ மஞ்சள் கனெக்டர் ஒண்ணு இருக்கும், ஏர்பேக் லைன் எல்லாம் மஞ்சள்ல தான் வரும், அதைக் கழட்டிக் காட்டினார். பின் எல்லாம் பச்சைப் பாசி பிடிச்ச மாதிரி. தம்பி, இது சீட் வரைக்கும் தண்ணில நின்ன வண்டின்னார். நான் நம்பல. சீட்டைக் கழட்டி, புதுக் கார்பெட்டைத் தூக்கினார். கீழ இருந்த ஃபோம் பழசு, அமுக்கினா ஈரம். அதுக்கும் கீழ வயரிங் கட்டு போற குழில மாவு மாதிரி மண்ணு. விரலால வழிச்சு எடுத்து என் உள்ளங்கைல வச்சார். பாத்துட்டு இருந்த மனைவி எதுவும் பேசல, திட்டியிருந்தா கூடத் தேவலன்னு இருந்துச்சு.

என் செக்கிங் எல்லாம் ஏன் பிரயோஜனப்படலன்னு அவர் தான் விளக்கினார். ஓடிட்டு இருக்குற வண்டி தண்ணில போனா இன்ஜின் தண்ணியை உள்ள இழுக்கும், தண்ணியை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜின் போயிடும். இது பார்க்கிங்ல நின்னுட்டு இருந்தப்ப மூழ்கினது, அதனால இன்ஜின் தப்பிச்சிடுச்சு. பாடில அடியே இல்ல, அப்போ பெயிண்ட் மீட்டர் என்னத்தைக் காட்டும்? வண்டி மாசக்கணக்கா நின்னுச்சு, அதனால கிலோமீட்டர் நெஜமாவே கம்மி. அந்தப் பையன் சொன்னதுல ஒரு பொய் கூட இல்லைங்க, ஓனர் வெளிநாடு போனது ஒண்ணு தான் எனக்குச் சந்தேகம். மூழ்கின வண்டியை வெளிய இருந்து பாத்தா நல்லா வச்சிருந்த வண்டி மாதிரியே தான் இருக்கும். வயரிங் அரிச்சு முடிக்க மாசமோ வருஷமோ ஆகும், அதுக்குள்ள வண்டி கை மாறிடும்.

அதனால நீங்க போகும்போது என்னை மாதிரி நிமிந்து நின்னு பாக்காதீங்க, மண்டி போடுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, ரோலுக்குள்ள இருக்குற பகுதில கறையோ மண் கோடோ இருந்தா ஓடி வந்துடுங்க, பெல்ட் ரொம்பப் புதுசா இருந்தா அதுல தைச்சிருக்குற லேபிள்ல தேதி பாருங்க. முன் சீட்டைத் தள்ளிட்டு டார்ச் அடிச்சு சீட் ரெயில், ஸ்பிரிங் துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. சீட் போல்ட்ல பெயிண்ட் உரிஞ்சு ஸ்பானர் பட்ட தடம் இருந்தா சீட்டைக் கழட்டியிருக்காங்க, ஏன் கழட்டினீங்கன்னு கேளுங்க. டிக்கில ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியை விரலால தடவிப் பாருங்க, அங்க கழுவ மறந்துடுவாங்க, எனக்கு அங்கயும் மண்ணு இருந்துச்சு. உள்ள ஏறினதும் சென்ட் வாசனை தூக்கினா ஏசி போட்டு, கண்ணாடி எல்லாம் ஏத்தி, பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. நாலு சக்கரத்துக்கும் பவர் போற ஆல் வீல் டிரைவ்னா, பின் சக்கரத்துக்கு நடுவுல இருக்குற டிஃபரென்ஷியல் கியர் ஆயிலையும் ஒரு மெக்கானிக்கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க, பால் மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. ஸ்கேனர்ல கோடு இல்லன்னு மட்டும் சந்தோஷப்படாதீங்க, வண்டி தன்னைத் தானே சோதிச்சு முடிச்சிருக்கான்னு காட்டுற ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல நெறைய இன்கம்ப்ளீட்னு வந்தா சமீபத்துல தான் கோடை அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்ல. இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாறு எடுக்க முடிஞ்சா அதையும் எடுத்துடுங்க.

கடைல போய் சண்டை போட்டேன். அந்தப் பையன் கண்ணைப் பாக்காம ரிப்போர்ட்டைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினான், நீர் பாதிப்பு, வெளிப்பார்வைக்குத் தெரியவில்லைன்னு எறும்பு சைஸ்ல எழுதியிருக்கு. அதுக்கும் ஒரு பச்சை டிக். வாரண்டில இன்ஜின், கியர்பாக்ஸ் மட்டும் தான், எலக்ட்ரிக்கல் கிடையாது. மேனேஜர் வந்து, நாங்களே ஏலத்துல எடுத்தோம் சார், எங்களுக்கும் தெரியாதுன்னார். ஏலமா? ஒரே ஓனர் கிட்ட நேரா வாங்கினோம்னு சொன்னீங்களேன்னு கேட்டா டீ சாப்பிடுங்க சார்ங்குறார். வாங்குற அன்னிக்கே இந்த வண்டி தண்ணியில மூழ்கியதில்லைன்னு ஒரு வரி எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேட்டிருக்கணும். அதுக்கு அவங்க எப்படி முழிக்கிறாங்கன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிருக்கும்.

இப்போ வயரிங் முழுசா மாத்தணும்னா வண்டி விலைல நல்ல பங்கு ஆகும்ங்குறாங்க, அதுக்கப்புறமும் கேரண்டி இல்ல. பொண்ணை அதுல ஏத்துறது இல்ல. அப்பா மறுபடியும் பழைய வண்டில கையை ஊனித் தான் எழுந்திரிக்கிறாரு.

போன வாரம் சும்மா என்ன ரேட்டு சொல்றாங்கன்னு பாக்க வேற ஒரு கம்பெனில விக்குறதுக்குப் பதிஞ்சேன், ஒருத்தர் டேப்லெட்டோட வீட்டுக்கே வந்தாரு. பெயிண்ட் மீட்டர் வச்சாரு, கிலோமீட்டர் பாத்தாரு, நாற்பது போட்டோ எடுத்தாரு. சூப்பரா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க சார்னாரு. நான் ஏர்பேக் லைட்டைக் காட்டி, இது மூழ்கின வண்டிங்கன்னு சொன்னேன். அவர் டேப்லெட்ல இருந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்து, அதை ஏன் சார் நீங்களா சொல்றீங்க, அந்தக் கேள்வியே இதுல இல்லையேன்னாரு.