அப்டேட் வந்தால் எந்தக் கட்டை தாங்கும்? டிங்கர்ஃபோர்ஜ், எம்5ஸ்டாக், குவிக்

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூருக்குள் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீர்மட்டக் கருவி செய்யலாம் என்று பிள்ளைகள் கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சால்டரிங் தெரியாதவர்களுக்கு ஒன்றோடொன்று செருகும் மின்னணுக் கட்டைகள்தான் வழி. எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் விலையையும் சென்சார் பட்டியலையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. இரண்டு வருஷம் கழித்து அப்டேட் வரும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஓடுமா? அந்த அப்டேட் போய் உட்காரும் இடம் சென்சாரா, தாய்ப்பலகையா, நம் கம்ப்யூட்டரா, கம்பெனி சர்வரா?

டிங்கர்ஃபோர்ஜ் ஜெர்மனியில் தயாராவது. நாலு சென்டிமீட்டர் சதுரத் தாய்ப்பலகை பிரிக். அதில் கேபிளால் மாட்டும் சென்சார் பிரிக்லெட். முதல் தலைமுறை பிரிக்லெட்டுக்குச் சொந்த மூளை கிடையாது. அதற்கான சின்ன நிரலைத் தாய்ப்பலகை எடுத்து ஓட்டும். இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு பிரிக்லெட்டுக்கும் தனி மைக்ரோகன்ட்ரோலர் வந்தது, கேபிளும் பத்து முனையிலிருந்து ஏழு முனைக்கு இறங்கியது. பல கம்பெனிகள் இந்த இடத்தில் பழைய வாடிக்கையாளரைக் கைகழுவிவிடும். இவர்களோ ஒரு பக்கம் பத்து முனை, மறுபக்கம் ஏழு முனை உள்ள கேபிளை விற்கிறார்கள். மாஸ்டர் பிரிக் என்ற பழைய தாய்ப்பலகையில் புதிய பிரிக்லெட்டை மாட்டிக்கொள்ளலாம்.

அப்டேட் செய்யும் விதமும் ஒளிவுமறைவு இல்லாதது. பிரிக் வியூவர் என்ற அவர்களுடைய கம்ப்யூட்டர் செயலியைத் திறந்தால் எந்தக் கட்டையில் எந்தப் பதிப்பு இருக்கிறது, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். நெட் இல்லாத இடமா, முன்பே இறக்கி பென்டிரைவில் வைத்த கோப்பிலிருந்தும் ஏற்றலாம். கட்டைக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரின் மூலநிரலும் சர்க்யூட் படமும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. நாம் எழுதும் நிரல் பெரும்பாலும் கட்டைக்குள் போவதில்லை. கம்ப்யூட்டரிலோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ இருந்துகொண்டு, பிரிக் டீமன் என்ற பின்னணி நிரல் வழியாகக் கட்டையோடு பேசும். பைத்தான், ஜாவா, பிஎச்பி, ரஸ்ட், எதில் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் கட்டைக்குள் ஃபர்ம்வேர் மாறினாலும் நம் நிரலைத் தொடவேண்டிய அவசியம் அனேகமாக வராது.

குறை என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடவேண்டும். பாகூர் ஏரிக்கரையில் அதற்குக் கரண்ட் யார் தருவது? விலையும் யூரோவில், அதன்மேல் கூரியர், சுங்கவரி. பள்ளிக்கூட பட்ஜெட்டுக்கு எட்டாது.

எம்5ஸ்டாக் இதற்கு நேர் எதிர். 54 மில்லிமீட்டர் சதுரப் பெட்டிக்குள் இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப், திரை, வைஃபை, பெயருக்கு ஒரு பேட்டரி. கூடுதல் கட்டைகளை அடுக்கடுக்காகக் கீழே மாட்டிக்கொண்டே போகலாம். சீனாவின் ஷென்சென் கம்பெனி, 2024ல் இஎஸ்பி32 சிப்பைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனமே பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. எடுத்த எடுப்பில் வேலை முடியவேண்டுமென்றால் இதை அடிக்க ஆளில்லை. நிரல் பெட்டிக்குள்ளேயே ஓடும், பவர்பேங்க் போதும்.

ஆனால் மாற்றங்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. பெட்டிக்குள் இருந்த யுஎஸ்பி சிப் இடையில் சிபி2104இலிருந்து சிஎச்9102க்கு மாறியது. வெளித்தோற்றம் அதேதான், கம்ப்யூட்டர் மட்டும் வேறு டிரைவர் கேட்கும். கட்டம் இழுத்துப் போட்டு நிரல் எழுதும் யுஐஃப்ளோவில் ஒன்று, இரண்டு என இரு தலைமுறை உண்டு. அது வழக்கமாகப் பிரவுசரில் திறப்பது, ஆகவே வகுப்பில் நெட் போனால் பாடமும் போச்சு. ஆர்டுயினோ ஐடிஇ என்ற நிரலெழுதும் மென்பொருளில் எழுதுபவர்களுக்கு வேறு தலைவலி: அதில் இஎஸ்பி32க்காகச் சேர்க்கும் தொகுப்பின் 2024ல் வந்த 3.0 பதிப்பு, விளக்கின் பிரகாசத்தையும் பஸ்ஸரையும் கட்டுப்படுத்தப் பயன்பட்ட லெட்சி கட்டளைகள் சிலவற்றை நீக்கிவிட்டுப் புதியவற்றைக் கொண்டுவந்தது. முந்தைய வருஷம் ஒழுங்காக ஓடிய எச்சரிக்கை மணி, அப்டேட் செய்ததும் கம்பைலே ஆகாது.

குவிக் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுதான் அதன் பலம். 2017ல் ஸ்பார்க்ஃபன் கொண்டுவந்த நாலு கம்பி இணைப்பு: தரை, 3.3 வோல்ட், சென்சாரும் தாய்ப்பலகையும் பேசிக்கொள்ளும் ஐ2சி முறைக்கு இரண்டு. அடாஃப்ரூட் கம்பெனியின் ஸ்டெம்மா கியூடியும் இதே முனைதான், மாற்றி மாற்றிச் செருகலாம். பெரும்பாலான பலகைகளில் வெறும் சென்சார் சிப்தான் இருக்கும், ஏற்றுவதற்கு ஃபர்ம்வேரே கிடையாது. மாறுவது நம் நிரலில் சேர்க்கும் லைப்ரரி மட்டும். பழைய பதிப்பு வேண்டுமென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு சென்சாரை மாட்டினால் ஐ2சி முகவரி மோதும், முகவரியை மாற்ற முடியாவிட்டால் இரண்டையும் பிரித்துக் காட்டும் மல்டிபிளெக்சர் பலகை வாங்கவேண்டும். கேபிளை ஒரு மீட்டருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும் முனைகள், துறைமுகத்து உப்புக்காற்றில் சீக்கிரம் பச்சை பிடிக்கும்.

ஆர்டுயினோ கம்பெனியின் மாடுலினோ கட்டைகளும் இதே இணைப்புதான். ஆனால் அதன் பட்டன், பஸ்ஸர் கட்டைகளுக்குள் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. முகவரியை நிரலாலேயே மாற்றிக்கொள்ளலாம். யூனோ ஆர்4 வைஃபை தாய்ப்பலகையோடு சேர்த்து வாங்கினால், அதன் வைஃபை சிப்புக்குத் தனி ஃபர்ம்வேர் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஆர்டுயினோ ஐடிஇயிலிருந்தே அதை அப்டேட் செய்யலாம்.

லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கட்டைகளின் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 2022 முடிவோடு அதை நிறுத்துவதாக லெகோவே அறிவித்தது, ஆப்புக்கான ஆதரவு 2024 முடிய என்றது. கட்டை உடையாது, ஆப் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

பள்ளிக்கூடத்துக்கு என் ஓட்டு குவிக்குக்கு. கல்லூரி ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து அளக்கவேண்டுமென்றால் டிங்கர்ஃபோர்ஜுக்குக் காசு செலவழிக்கலாம். ஏரிக்கரைக்கு எம்5ஸ்டாக்தான், வேறு வழியில்லை. ஆனால் யுஐஃப்ளோ வேண்டாம், ஆர்டுயினோவில் எழுதுங்கள். இஎஸ்பி32 தொகுப்பின் பதிப்பு எண்ணை நிரலின் முதல் வரியில் கமென்ட்டாகப் போட்டு, அந்தப் பதிப்பிலேயே நிறுத்திவையுங்கள். ஐடிஇ அப்டேட் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை தாண்டும்வரை வேண்டாம் என்றே அமுக்குங்கள்.