ஹிமேஜி, ஒசாகா, கியோத்தோ: எந்த நகரக் கலைக்கூடத்துக்குப் போவது?

ஜப்பானின் கன்சாய் வட்டாரத்தில் உள்ள ஹிமேஜி, ஒசாகா, கியோத்தோ ஆகிய மூன்று நகரங்களிலும், நகராட்சிக்குச் சொந்தமான கலைக்கூடம் ஒன்று வரலாற்றுச் சிறப்புள்ள மண்ணில் அமைந்திருக்கிறது. ஜேஆர் விரைவு ரயிலில் ஹிமேஜியிலிருந்து ஒசாகாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும், அங்கிருந்து கியோத்தோவுக்கு அரை மணி நேரமும் ஆகும் என்பதால், மூன்றையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். கையில் ஒரே ஒரு பகல் மட்டும் இருந்தால் எதற்குப் போவது என்பதே இங்கு கேள்வி. இடத்தின் பழமைக்கும் சுவரில் இருக்கும் ஓவியங்களுக்கும் உள்ள உறவு மூன்றிலும் மூன்று விதமானது. அதைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

ஹிமேஜியில் இடம்தான் எல்லாம். 1609-இல் எழுந்து, 1993-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த வெண்ணிறக் கோட்டையின் கிழக்கே, ஒரு காலத்தில் ராணுவக் கிடங்காக இருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகராட்சி அலுவலகமாகவும் பயன்பட்ட செங்கல் கட்டடத்தில் 1983-இல் இந்தக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. முன்புறப் புல்வெளியில் நின்று பார்த்தால், நீண்டு கிடக்கும் சிவப்புச் சுவருக்கு மேலே கோட்டையின் அடுக்குக் கூரைகள் தெரியும். உள்ளே பெயர்பெற்றவையோ ஐரோப்பிய ஓவியங்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவர் நன்கொடையாக அளித்த, கோரோ, கூர்பே, மோனே முதலியோரின் பிரெஞ்சுத் தொகுப்பு ஒருபுறம். பெல்ஜியத்தின் ஷார்லுருவா ஹிமேஜியின் சகோதர நகரம் என்பதால் திரட்டப்பட்ட, போல் தெல்வோ உள்ளிட்ட பெல்ஜிய ஓவியர்களின் படைப்புகள் மறுபுறம். தரத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் கோட்டைக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒசாகாவின் கலைக்கூடம் தென்னோஜி பூங்காவுக்குள், சௌசுயாமா என்ற சிறு குன்றை ஒட்டி இருக்கிறது. தொயோதோமி குடும்பத்தின் ஒசாகா கோட்டையைத் தொகுகாவா படை முற்றுகையிட்டபோது, 1614-இல் அப்படையின் தலைவர் தொகுகாவா இயெயாசுவும், அடுத்த ஆண்டில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற சனாதா நொபுஷிகேவும் பாசறை அமைத்தது இதே குன்றில்தான். பிற்காலத்தில் சுமிதோமோ வணிகக் குடும்பத்தின் மாளிகை இங்கே இருந்தது. கலைக்கூடம் கட்டுவதற்கென்று அக்குடும்பம் நிலத்தையும் தோட்டத்தையும் நகரத்துக்குக் கொடுத்துவிட, 1936-இல் கட்டடம் திறக்கப்பட்டது. போர்க்களத்தின் சுவடு என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். குன்றின் உச்சிக்குப் போகச் சில நிமிடங்களே போதும்.

இங்கே பெருஞ்செல்வம் என்பது தொகுப்புதான். பஞ்சாலை அதிபர் ஆபே ஃபுசாஜிரோ திரட்டி, அவருடைய மறைவுக்குப் பின் 1943-இல் மகன் நகரத்துக்கு வழங்கிய சீன ஓவியங்களும் எழுத்துக்கலைப் படைப்புகளும் மட்டும் 160; சீனாவின் தாங் அரசமரபுக் காலத்துக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய் தீட்டியதாக மரபு வழியாகச் சொல்லப்படும், முதிய அறிஞர் ஒருவர் ஏட்டுச்சுருளை ஏந்தி அமர்ந்திருக்கும் ஓவியமும் அவற்றுள் ஒன்று. சீனப் பௌத்தக் கற்சிலைகளும், காசால் என்ற சுவிஸ் நாட்டவர் சேகரித்த அரக்குப் பூச்சுக் கலைப்பொருள்களும் தனித் தொகுப்புகளாக இருக்கின்றன. நீண்ட புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2025 மார்ச்சில் கலைக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது.

கியோத்தோவில் கட்டடமே காட்சிப்பொருள். அது நிற்கும் ஒகாசாக்கிப் பகுதி பதினோராம் நூற்றாண்டில் ஷிரகாவா பேரரசர் ஹொஷ்ஷோஜி கோயிலை எழுப்பிய இடம். எண்கோண வடிவில் ஒன்பது நிலைகளோடு அக்கோயிலில் உயர்ந்து நின்ற கோபுரத்தின் அடித்தளம் இன்று பக்கத்து உயிரியல் பூங்காவுக்குள் அடங்கிவிட்டது. 1895-இல் தொழிற்பொருட்காட்சி நடந்ததும், ஹெய்ஆன் ஆலயம் எழுந்ததும் இங்கேதான். பேரரசர் ஷோவாவின் (ஹிரோஹிதோ) முடிசூட்டு விழா நினைவாக 1933-இல் திறக்கப்பட்ட கலைக்கூடம், மேலைநாட்டு உடலின்மீது ஜப்பானியக் கூரையைப் பொருத்திய பாணியில் அமைந்தது. ஜப்பானில் இன்றும் நிற்கும் பொதுக் கலைக்கூடக் கட்டடங்களில் இதுவே மூத்தது. போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் இதை எடுத்துக்கொண்டு 1952-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

2020-இல் முடிந்த புதுப்பிப்பில், கட்டடக் கலைஞர்கள் ஆவோகி ஜுன், நிஷிசாவா தெத்சுவோ இருவரும் பழைய முகப்பைத் தொடாமல், முன்றிலைச் சரிவாகத் தாழ்த்தி, முன்பு பார்வையாளர்கள் காலணிகளை விட்டுச்சென்ற கீழ்த்தளத்தையே கண்ணாடி முகப்புள்ள நுழைவாயிலாக்கினார்கள். அங்கிருந்து படியேறினால் உயர்ந்த மைய மண்டபம். அதைத் தாண்டினால் பின்புறத் தோட்டம். பழைய கட்டடத்தைக் காக்கிறோம் என்று சொல்லி அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய வேலை இது. இந்தப் பணிக்காகக் க்யோசெரா நிறுவனத்திடம் 500 கோடி யென் பெற்றுக்கொண்டு, 50 ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டும் உரிமையைக் கொடுத்தது நகர நிர்வாகம். அது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆயினும் பணம் எங்கே போயிற்று என்பது கண்ணெதிரே தெரிகிறது.

தொகுப்பைப் பொறுத்தவரை, கியோத்தோவில் தக்கேவுச்சி செய்ஹோ, உயேமுரா ஷோயென் போன்ற அந்நகரத்து ஓவியர்களின் படைப்புகளை அந்நகரத்திலேயே பார்க்கிறோம். மற்ற இரண்டிலும் இந்த அளவுக்குப் பொருத்தம் கிடையாது. ஆனால் பட்டிலும் தாளிலும் தீட்டிய ஓவியங்களை நெடுநாள் வெளிச்சத்தில் வைக்க இயலாது என்பதால், கியோத்தோவில் பருவத்துக்குப் பருவம் காட்சி மாறும். ஒசாகாவிலும் குறிப்பிட்ட சீன ஓவியம் நீங்கள் போகும் நாளில் வெளியே இருக்கும் என்ற உறுதி இல்லை. ஹிமேஜியின் பிரெஞ்சுத் தொகுப்புக்கு நிலையான அறை இருப்பதால் ஏமாற்றத்துக்கு வாய்ப்புக் குறைவு. தோட்டம்தான் நோக்கம் என்றால் ஒசாகாவே மேல். கியோத்தோ, ஒசாகா இரண்டு தோட்டங்களிலும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞரான ஏழாம் ஒகாவா ஜிஹேயின் கைவண்ணம் உண்டு. எனினும் ஒசாகாவின் கெய்தக்குயென், குளத்தைச் சுற்றி நடந்து பார்க்கும்படி விரிவாக அமைந்தது. அதன் மரங்களுக்கு மேலே 300 மீட்டர் உயர அபேனோ ஹருகாஸ் கட்டடம் எழுந்து நிற்பது சிலருக்கு உறுத்தலாம்.

ஆகவே, முதன்முறை செல்பவருக்கு நான் கியோத்தோவையே சொல்வேன். சீனக் கலையில் ஈடுபாடு உள்ளவர் அன்று எந்தத் தொகுப்பு காட்சியில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு ஒசாகாவுக்குப் போகலாம். ஹிமேஜிக்குக் கலைக்கூடத்துக்காக மட்டும் போவது வீண். கோட்டைக்குப் போகிறவர் திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மூன்றுக்கும் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை.