பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறதா? கெப்பாசிட்டர், இரண்டாவது பேட்டரி, கேபிள், டைனமோ: எதற்குச் செலவு செய்யலாம்?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து பஸ் வந்தால் நான் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்று வழிவிட்டுவிடுவேன். அப்படி ஒரு ராத்திரி நின்றபோதுதான் கவனித்தேன். கார் ஸ்டீரியோவில் பாட்டின் பேஸ், அதாவது அந்த அடித்தொண்டை அதிர்வு, விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர், தானாகவே நின்றுபோனது. அந்தப் பாதையில் வெளிச்சம் குறைவது விளையாட்டில்லை.

மறுநாள் சேலத்தில் மூன்று இடங்களில் கேட்டேன். ஒருவர் மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சட்டென்று தரும் கெப்பாசிட்டர் என்றார், ஒருவர் டிக்கியில் இன்னொரு பேட்டரி என்றார், மூன்றாமவர் டைனமோவையே மாற்றச் சொன்னார். இஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைத்தான் பட்டறையில் டைனமோ என்கிறார்கள். மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

முதலில் கணக்கு. என்னுடையது 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) ஆம்ப், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை. 80 சதவீதத் திறன் என்று வைத்தால் முழுச் சத்தத்தில் 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர். அதே சத்தத்துக்குத் திறன் குறைந்த கிளாஸ் ஏபி வகை ஆம்ப் என்றால் 60, 70 ஆம்பியர் வேண்டும். பாட்டு விட்டுவிட்டுத்தான் இழுக்கும் என்பதால் சராசரி இதைவிடக் குறைவு. ஆனால் ஹெட்லைட்டை மங்க வைப்பது அந்த ஒரு நொடி இழுப்புதான்.

கெப்பாசிட்டர்தான் கடைகளில் முதலில் காட்டப்படுவது. நீல விளக்கும் டிஜிட்டல் வோல்ட் மீட்டருமாகப் பார்க்க அழகாக இருக்கும். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12.4க்கு இறங்கும்போது தருவது சுமார் 27 ஜூல். 625 வாட் ஆம்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. தீர்ந்ததும் அதை மறுபடி நிரப்ப வேண்டியதும் அதே டைனமோதான். லேசான சிமிட்டலைச் சற்று மறைக்கும், அவ்வளவே. நானும் வாங்கி மாட்டினேன். அடுத்த பயணத்திலும் ஆம்ப் நின்றது.

இரண்டாவது பேட்டரி வேறு வகை. இஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது உண்மையிலேயே உதவும். நடுவில் இரண்டு பேட்டரிகளையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாத பயமும் இல்லை. ஓடுகிற வண்டியில் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. டைனமோவுக்கு ஊட்ட இன்னொரு வாய் கூடுகிறது.

கேபிளுக்கு வருவோம். நான் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து, இஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, பேஸ் அடிக்கும்போது மூன்று இடங்களில் அளந்தேன். டைனமோவில் 13.9. பேட்டரியில் 13.1. ஆம்பில் 11.6. உற்பத்தி ஆகிற இடத்தில் குறை இல்லை, வழியில்தான் 2.3 வோல்ட் கரைந்திருந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் இடையே போன 0.8தான் ஹெட்லைட்டை மங்க வைத்தது. மீதி 1.5 ஆம்பை நிறுத்தியது. இரண்டும் வேறு வேறு நோய்.

பிரித்துப் பார்த்தால், ஆம்ப் ஒயர் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை அதே தடிமன் அசல் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆம்பின் மைனஸை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். 16 சதுர மில்லிமீட்டர் அசல் செம்பு ஒயர் 5 மீட்டர் போட்டால் 45 ஆம்பியருக்கு இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த் கொடுத்தேன். அப்புறம் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, இஞ்சினிலிருந்து பாடிக்கு என மூன்று ஒயர்களையும் தடிமனாக மாற்றினேன். பேட்டரி பிளஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டால் வண்டியே எரியும். இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்டுச் சமாதானம் ஆகாதீர்கள்.

மறுபடி அளந்தேன்: 13.9, 13.7, 13.3. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டேன்.

பெரிய டைனமோ யாருக்கு? இஞ்சின் வேகமாகச் சுற்றும்போதும் டைனமோ முனையிலேயே வோல்ட் 13க்குக் கீழே போகிறவருக்கு. 1000 வாட்டுக்கு மேல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் வழி. சற்றுப் புதிய வண்டிகளில் டைனமோ வோல்ட்டை இசியூ எனும் வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும்; அங்கே மீட்டரில் 12.8 தெரிந்தாலே பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

என் வண்டிக்குப் பழைய டைனமோவே போதுகிறது. வளைவில் பஸ்ஸுக்காக ஐட்லிங்கில் நிற்கும்போது, ஏசியும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடினால், ஹெட்லைட் இப்போதும் ஒரு இம்மி அசைகிறது. அந்த வேகத்தில் டைனமோவால் முழு ஆம்பியரைத் தர முடியாது. ஏசியை அணைத்துவிட்டால் அதுவும் நின்றுவிடுகிறது. ஏற்காட்டுக் காற்றில் ஏசி தேவையும் இல்லை.