ரிக்லி பக்கம் வீடா, சாக்ஸ் பக்கம் வீடா?

சிகாகோவில் வீடு வாங்கலாம் என்று நானும் மனைவியும் ஒருவழியாக முடிவெடுத்தபோது, பார்த்துக் கழித்ததெல்லாம் போக இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று வடக்கே, கப்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மைதானமான ரிக்லி ஃபீல்டிலிருந்து நாலு தெரு தள்ளி, இரண்டு படுக்கையறை காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. இன்னொன்று தெற்கே பிரிட்ஜ்போர்ட்டில், ஊரின் இன்னொரு பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸின் மைதானத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், காரேஜோடு ஒரு சின்னத் தனி வீடு. விலையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்கும் ஒரே ரெட் லைன் ரயில். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் பேஸ்பால் பைத்தியம் கிடையாது.

கடைசியில் ரிக்லி பக்கம் வாங்கினோம். சதுர அடி, சமையலறை, பள்ளிக்கூடம் இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் முடிவைத் திருப்பியது வேறு ஒன்று: ஆட்டம் இல்லாத நாளில் அந்த மைதானத்தைச் சுற்றி என்ன இருக்கிறது?

கணக்கு எளிது. ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடுவது 81 ஆட்டம். மிச்சம் 284 நாள் மைதானம் சும்மா நிற்கும். பக்கத்தில் குடியிருப்பவனுக்கு அந்த 284 நாள்தான் வாழ்க்கை.

பிரிட்ஜ்போர்ட் வீட்டைப் பார்க்கப் போனது நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டான் ரையன் நெடுஞ்சாலை நடுவில் ரயிலைவிட்டு இறங்கி, 35வது தெருவில் மேற்கே நடந்தோம். இடப்பக்கம் மைதானம். வலப்பக்கம் வெறும் தார்த்தரை. அதில் கடற்புறாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. காற்றில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருண்டு போனது, தடுக்க ஒரு செடிகூட இல்லை. நடைபாதையை ஒட்டி, தரையில் ஐந்து முனையுள்ள ஒரு கல். சாக்ஸின் பழைய மைதானமான காமிஸ்கி பார்க்கில் ஹோம் பிளேட், அதாவது பந்தை அடிப்பவர் நிற்கும் இடம், இருந்தது அங்கேதானாம். 1910 முதல் 1990 வரை எண்பது வருடம் ஆடிய மைதானத்துக்கு மிஞ்சியது அந்தக் கல்லும், பார்க்கிங்கில் பெயின்ட்டால் போட்ட சில கோடுகளும்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய காமிஸ்கியையும் ரிக்லியையும் வரைந்தவர் ஒரே ஆள், சக்கரி டெய்லர் டேவிஸ். 1910-இல் தெற்கே ஒன்று, 1914-இல் வடக்கே ஒன்று. வடக்கே மைதானத்துக்கு எதிரில் இன்று அவர் பெயரில் ஒரு ஹோட்டலே நிற்கிறது. தெற்கே அவர் கட்டியதன் மேல் கார் நிறுத்துகிறார்கள்.

தெற்கே நடந்தது இதுதான். புது மைதானம் தராவிட்டால் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று அணி மிரட்டியது. 1988 ஜூன் 30 நள்ளிரவுக் கெடு தாண்டாமலிருக்க, சட்டமன்றத்தில் கடிகாரத்தை நிறுத்திவைத்து மசோதாவை நிறைவேற்றினார்கள் என்பது இந்த ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. மாநில அமைப்பு ஒன்று, ஹோட்டல் வரியை நம்பிக் கடன் வாங்கி, எதிர்ப்பக்கம் புது மைதானம் கட்டியது. அதற்காகத் தெற்கு ஆர்மர் ஸ்கொயரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வீடுகளை இடித்தார்கள். காமிஸ்கியின் வயதே ஆன மக்கடீஸ் என்ற சாராயக்கடையும் போனது. 1991-இல் புது மைதானம் திறந்தது, முதல் ஆட்டத்திலேயே 16-0 என்று தோல்வி. அடுத்த வருடமே பால்டிமோரில் பழைய பாணியில் கேம்டன் யார்ட்ஸ் என்ற மைதானம் வந்து, ஒரு வயதுகூட ஆகாத இந்த மைதானத்தைக் கிழடாக்கிவிட்டது. பிறகு இருக்கைகளின் மேல்தட்டு மிகச் செங்குத்து என்று அதன் உச்சி வரிசைகளையே வெட்டி எடுத்தார்கள். ஆனால் எனக்கு உறுத்தியது மேல்தட்டு இல்லை, அந்தத் தார்த்தரைதான். எல்லோரும் காரில் வந்து காரிலேயே போய்விட்டால், தெருவில் யார் இட்லி விற்பது?

ரிக்லியில் தார்த்தரைக்கு இடமே இல்லை. வீடுகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல் மைதானம். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் சுற்றியுள்ள தெருக்கள் வழியாகத்தான் நுழைய வேண்டும், கலைய வேண்டும். அதனால் அந்தத் தெருக்களில் ஜனவரியிலும் விளக்கு எரிகிறது. 2014 அக்டோபரில் தொடங்கிய சீரமைப்பில், மைதானத்துக்கு மேற்கே முக்கோணமாகக் கிடந்த நிலத்துக்குக் கீழே ஆட்டக்காரர்களின் அறையைப் புதைத்துவிட்டு, மேலே புல்தரை போட்டார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கிறிஸ்துமஸ் சந்தை. கோடையில் படம் போடுகிறார்கள். என் மகள் ஸ்கேட்டிங் பழகியது அங்கேதான். அவளுக்கு அது பேஸ்பால் மைதானம் என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மைதானத்தின் உள்ளே 1937-இல் நட்ட ஐவிக் கொடியும் அதே வருடத்து ஸ்கோர்போர்டும் அப்படியே இருக்கின்றன. இன்னும் கையால்தான் எண்களை மாற்றுகிறார்கள். 2004-இலேயே நகர அரசு பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதால் இடித்துத் தள்ள வழியில்லை. அதே வருடம் மேல்தட்டிலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்ததும் உண்மை. ஆக இடிக்கவும் முடியாது, விட்டுவைக்கவும் முடியாது.

இதெல்லாம் சும்மா வரவில்லை. சீசன் நடக்கும்போது வேலை செய்ய முடியாதென்று ஒவ்வொரு பனிக்காலமும் தோண்டினார்கள், 2019 வரை. 2015-இன் முதல் ஆட்டத்தில் வெளிப்புற பெஞ்சுகள் முடியவில்லை, கழிப்பறைகளும் போதவில்லை. சிலர் பீர் கோப்பையிலேயே ஒன்றுக்குப் போன செய்தி நாடெங்கும் நாறியது. செலவு பெரும்பாலும் அணியின் உரிமையாளர் குடும்பத்துடையது. பொதுப்பணம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக நகரத்திடமிருந்து வாங்கியது விளம்பரப் பலகை, வீடியோ திரை, கூடுதல் இரவு ஆட்டம்.

எதிர்வீட்டு மொட்டைமாடிகளின் கதை இன்னும் சுவையானது. வேவ்லண்ட், ஷெஃபீல்ட் தெருக்களில் மாடியில் இருக்கை போட்டு டிக்கெட் விற்றவர்கள், வருமானத்தில் 17 சதவீதம் அணிக்குக் கொடுப்பதாக 2004-இல் ஒப்பந்தம் போட்டார்கள். வீடியோ திரை வந்து பார்வையை மறைத்ததும் வழக்கு. வழக்கில் தோற்றார்கள். இன்று அந்த மாடிகளில் பெரும்பாலானவை அதே உரிமையாளர் குடும்பத்தின் கையில். மைதானம், ஹோட்டல், புல்தரை, எதிர்மாடி எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்ட நாளில் டிக்கெட் இல்லாமல் அந்தப் புல்லில் கால் வைக்க முடியாது. சீரமைப்பு வேலை ஆரம்பிப்பதற்கு முன்பு இங்கே வாடகைக்கு இருந்த நண்பர் ஒருவர் இப்போது இங்கே வாடகை கேட்டால் சிரிக்கிறார்.

இரவு ஆட்டம் தனித் தலைவலி. 1988 ஆகஸ்ட் வரை ரிக்லியில் விளக்கே கிடையாது. அக்கம்பக்கத்தார் போராடியதால் வருடத்துக்கு 18 இரவுதான் என்று ஆரம்பித்தது, இப்போது நாற்பதை ஒட்டி வந்துவிட்டது. அன்றைக்கு பர்மிட் ஸ்டிக்கர் இல்லாமல் தெருவில் கார் நிறுத்தக் கூடாது. வந்த புதிதில் மறந்துபோய் நிறுத்தினேன். சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் காரைக் காணோம். மீட்டு வருவதற்குள் வாங்கிய தயிர் புளித்துவிட்டது. ஆட்டம் முடிந்த ராத்திரி தெரு எப்படி இருக்கும் என்று கேட்டால், சேப்பாக்கத்தில் மேட்ச் விட்ட நேரத்து வாலாஜா சாலையை நினைத்துக்கொள்ளுங்கள், கூடவே பீர்.

சரி, சாக்ஸ் பக்கத்துக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டிக்கெட் மலிவு. காரேஜ் இருப்பதால் காரைத் தேடி அலைய வேண்டாம். ரயிலில் ஒரே ஸ்டாப்பில் சைனாடவுன். தனி வீடு, குடியிருப்போர் சங்கத்துக்கு மாதக் கட்டணம் கிடையாது. எங்கள் காண்டோவில் அது வருடாவருடம் ஏறுகிறது. அங்கே நான் குடியிருந்ததில்லை, போய்வந்ததுதான், ஆகவே அங்கத்து இரவுச் சத்தத்தைப் பற்றி என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். மறுவிற்பனையிலும் அப்படித்தான். எங்கள் மாடியில் இரண்டு வீடுகள் நல்ல விலைக்குச் சீக்கிரமே போயின. அது மைதானத்தாலா, ஏரிக்கரை பக்கத்தில் இருப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒயிட் சாக்ஸின் குத்தகை 2029-இல் முடிகிறது. நகர மையத்துக்குப் பக்கத்தில் புது மைதானம் வேண்டும் என்று 2024-இலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கட்டி 40 வருடம்கூட ஆகாத மைதானம். நாங்கள் விட்ட பிரிட்ஜ்போர்ட் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவர் வீடு வாங்கியிருக்கிறார். டீம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போனாப் போகட்டும் தம்பி. அம்புட்டுப் பெரிய தார்த்தரை, ஞாயித்துக்கிழமை நாங்க கிரிக்கெட் ஆடிக்கிறோம்" என்றார்.